மூன்று நிறம் ஏறாவிட்டால் முடிச்சு இல்லையா? மாணவர் இணைப்புக் கட்டுரைக்கு ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் இணைப்பில் அண்மையில் வெளிவந்த, முடிச்சுகளின் கணிதத்தைப் பற்றிய கட்டுரையை மிகுந்த மகிழ்ச்சியோடு படித்தேன். பள்ளிக் கணிதம் என்றாலே தேர்வும் மதிப்பெண்ணும் என்றாகிவிட்ட காலத்தில், பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கும் ஓர் அழகான துறையைத் தமிழில் அறிமுகப்படுத்த அரைப் பக்கம் ஒதுக்கியதற்கு என் நன்றி. கட்டுரையின் பெரும்பகுதி சரியாகவும் தெளிவாகவும் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வாக்கியம் உண்மைக்கு நேர்மாறாக அமைந்துவிட்டது. படமும் அச்சில் கெட்டுவிட்டது. இரண்டும் மாணவர்களைத் தவறான வழியில் கொண்டுபோய்விடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு முடிச்சின் வரைபடத்துக்கு விதிப்படி மூன்று நிறம் தீட்ட முடிந்தால் அது அவிழ்க்க முடியாத உண்மையான முடிச்சு என்று கட்டுரை சொல்கிறது. அது சரி. அடுத்த வரியிலேயே, அப்படித் தீட்ட முடியாவிட்டால் அது முடிச்சே அல்ல, இழுத்தால் வெறும் வளையமாகிவிடும் என்றும் சொல்கிறது. இது தவறு. மழை பெய்தால் தரை நனையும் என்பதிலிருந்து, மழை பெய்யாவிட்டால் தரை நனையாது என்று முடிவு கட்டுவது போன்ற பிழை இது. கட்டுரையாளரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. இந்தப் பிழை எங்கிருந்து வந்திருக்கலாம் என்பதும் எனக்கு ஓரளவு புரிகிறது; அதைப் பின்னால் சொல்கிறேன்.

கட்டுரையைப் படிக்காதவர்களுக்காக அடிப்படையை முதலில் சொல்லிவிடுகிறேன். கணிதத்தில் முடிச்சு என்பது இரு முனைகளும் ஒட்டப்பட்ட ஒரு கயிறு. முனை இருந்தால் எந்த முடிச்சையும் அதன் வழியே உருவி அவிழ்த்துவிடலாம். முனைகளை ஒட்டிவிட்டால்தான், அறுக்காமல் இதை வெறும் வளையமாக்க முடியுமா என்ற கேள்விக்குப் பொருள் உண்டு. அந்தக் கயிற்றைத் தரையில் பரப்பிப் பார்த்தபடியே வரைந்தால் கிடைப்பது முடிச்சின் வரைபடம். ஓர் இழை இன்னோர் இழையைக் கடக்கும் இடத்தைச் சந்திப்பு என்று வைத்துக்கொள்வோம். அங்கே மேலே போகும் இழையை முழுக் கோடாகவும், கீழே போகும் இழையை இரு பக்கமும் சற்று விட்டு உடைந்த கோடாகவும் வரைவது மரபு. இப்படி வரையும்போது முழுக் கோலமும் பல துண்டுகளாகப் பிரிகிறது; ஒவ்வொரு துண்டும் ஒரு சந்திப்பில் கீழிருந்து வெளிப்பட்டு, இன்னொரு சந்திப்பில் கீழே நுழையும்வரை நீள்கிறது.

துண்டு ஒன்றுக்கு ஒரு நிறம் வீதம் சிவப்பு, நீலம், மஞ்சள் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றைத் தீட்ட வேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் மேலே போகும் துண்டு ஒன்று, கீழே வந்து முடியும் துண்டுகள் இரண்டு என மூன்று துண்டுகள் கூடுகின்றன. அந்த மூன்றும் ஒரே நிறமாக இருக்கலாம், அல்லது மூன்றும் மூன்று நிறமாக இருக்கலாம். இரண்டு ஒரு நிறம், மூன்றாவது வேறு நிறம் என்று மட்டும் இருக்கக் கூடாது. எல்லாத் துண்டுகளுக்கும் ஒரே நிறத்தைத் தீட்டிவிட்டால் விதி தானாகவே நிறைவேறிவிடும், அதில் சிறப்பில்லை. ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்களோடு தீட்ட முடிகிறதா என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கணித அறிஞர் ரால்ஃப் ஃபாக்ஸ் 1956-ஆம் ஆண்டு ஹேவர்ஃபோர்டு கல்லூரியின் இளநிலை மாணவர்களுக்கு முடிச்சுக் கோட்பாட்டை விளக்குவதற்காக இந்த முறையைக் கையாண்டார். பிரின்ஸ்டனில் உயர் ஆய்வு செய்த ஒருவர் தொடக்க மாணவர்களுக்கென்று வகுத்த வழி என்பதால்தான், முன்னறிவு எதுவும் தேவைப்படாமல் இது நம் பள்ளி மாணவர்களுக்கும் எட்டுகிறது.

இதைச் செய்து பார்க்க நம் வீட்டு வாசலே போதும். முக்கோணமாக மூன்று புள்ளிகள் வைத்து, எந்த இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் கோடு ஒரு முறை தன்னையே வெட்டிக்கொள்ளுமாறும், ஒவ்வொரு புள்ளியையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வருமாறும் சிக்குக் கோலம் போடுங்கள். ஒரே கோடு, மூன்று சந்திப்புகள். இப்போது அந்தக் கோட்டின் வழியே விரலை ஓட்டிக்கொண்டு, முதல் சந்திப்பில் மேலே, அடுத்ததில் கீழே, அதற்கடுத்ததில் மேலே என்று மாறி மாறிக் குறித்து, கீழே போகும் இடங்களில் மாவை லேசாகத் துடைத்துவிட்டால் கிடைப்பதுதான் மூவிலை முடிச்சு. அவிழ்க்க முடியாத முடிச்சுகளில் மிகச் சிறியது இதுவே. அதில் மூன்று துண்டுகள் இருக்கின்றன. மூன்று சந்திப்புகளிலும் அதே மூன்று துண்டுகள்தாம் கூடுகின்றன. ஆகவே ஆளுக்கொரு நிறம் கொடுத்தால் விதி எங்கும் மீறப்படுவதில்லை. எண்ணிப் பார்த்தால், ஏதேனும் இரண்டு துண்டுகளின் நிறத்தை விருப்பம்போல் தேர்ந்தெடுக்கலாம், மூன்றாவது துண்டின் நிறம் விதிப்படி தானே வந்துவிடும் என்பதால், ஒரே நிறமாகத் தீட்டும் 3 வழிகளையும் சேர்த்து மொத்தம் 9 வழிகள். வெறும் வளையத்துக்கு ஒரே துண்டு. 3 வழிகள் மட்டுமே.

இதில் என்ன நிறுவப்பட்டிருக்கிறது என்பதைக் கட்டுரை போகிற போக்கில் சொல்லிவிட்டது. எனக்கோ இந்த இடம்தான் முக்கியமாகத் தோன்றுகிறது. ஒரு கயிற்றை அவிழ்த்துக் காட்டினால் அது அவிழும் என்பது முடிந்தது. அவிழாது என்பதை எப்படிக் காட்டுவது? நாள் முழுக்க இழுத்துப் பார்த்தும் அவிழவில்லை என்பது சான்றாகாது. இன்னும் திறமையான கை நாளை அவிழ்த்துவிடலாம். இது வெறும் கற்பனை அச்சமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் டெய்ட், லிட்டில் போன்றோர் தொகுத்த முடிச்சு அட்டவணைகளில் பத்துச் சந்திப்புகள் கொண்ட இரண்டு முடிச்சுகள் வெவ்வேறானவை என்று இடம்பெற்று, இருபதாம் நூற்றாண்டிலும் பல பதிப்புகளில் அப்படியே அச்சாகிக்கொண்டிருந்தன. 1974-இல் கென்னத் பெர்க்கோ என்ற நியூயார்க் வழக்கறிஞர் அவை இரண்டும் ஒன்றே என்று காட்டினார். துறை வல்லுநர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தும் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழி யார் கண்ணிலும் படவில்லை. ஆனால் வழி இருந்தது.

அப்படியானால் வழி இல்லை என்பதை உறுதியாகச் சொல்ல என்ன வேண்டும்? கயிற்றை எப்படி ஆட்டி அசைத்தாலும் மாறாமல் நிற்கும் ஒரு பண்பு வேண்டும். 1927-ஆம் ஆண்டு ஜெர்மானியக் கணித அறிஞர் குர்ட் ரைடமைஸ்டரும், அவரைச் சாராமல் அமெரிக்காவில் அலெக்சாண்டர், பிரிக்ஸ் இருவரும் நிறுவிய ஒரு தேற்றம் இங்கே கைகொடுக்கிறது. கயிற்றை அறுக்காமல் செய்யும் எந்த மாற்றத்தையும் வரைபடத்தில் மூன்றே வகை நகர்வுகளின் தொடராக எழுதிவிடலாம். முதலாவது, இழையை ஒரு முறை முறுக்கி ஒரு சிறு கண்ணியை உண்டாக்குவது அல்லது இருக்கும் கண்ணியைப் பிரிப்பது. இரண்டாவது, ஓர் இழையைப் பக்கத்து இழைக்கு அடியில் நுழைத்து அருகருகே இரண்டு சந்திப்புகளை உண்டாக்குவது அல்லது அப்படி நுழைந்திருப்பதை வெளியே இழுத்துவிடுவது. மூன்றாவது, இரண்டு இழைகள் சந்திக்கும் இடத்துக்கு மேலாகவோ அடியிலாகவோ மூன்றாவது இழையை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்துவது. இந்த மூன்றிலும் நிறம் தீட்டும் வழிகளின் எண்ணிக்கை மாறவில்லை என்று காட்டிவிட்டால் போதும். உலகிலுள்ள எந்தக் கையும் அதை மாற்ற முடியாது.

காட்டுவதும் கடினமல்ல. முதல் நகர்வில் உண்டாகும் கண்ணியில், மேலே போகும் துண்டும் கீழே வந்து முடியும் துண்டுகளில் ஒன்றும் ஒரே துண்டு. ஆகவே இரண்டும் ஒரே நிறம். விதிப்படி மூன்றாவதும் அதே நிறம். கண்ணியைப் பிரித்தாலும் எதுவும் மாறாது. இரண்டாவது நகர்வில், சிவப்பு இழைக்கு அடியில் நீல இழை நுழைந்தால், அடியில் நுழைந்து அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் சிறு துண்டுக்கு மஞ்சள்தான் வர முடியும். அது திரும்பவும் சிவப்புக்கு அடியில் வந்து வெளிப்படும்போது மறுபடி நீலமாகிவிடுகிறது. வெளியே இருக்கும் நிறங்கள் எதையும் தொடவேண்டியதில்லை; இழுத்துவிட்டால் மஞ்சள் துணுக்கு மறைகிறது, சிவப்பும் நீலமும் அப்படியே நிற்கின்றன. மூன்றாவது நகர்வில் மேலிழை, நடுவிழை, கீழிழை என மூன்று நிறங்களைத் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். நிறங்களின் பெயரை ஒன்றுக்கொன்று மாற்றி வைப்பதைப் பொருட்படுத்தாவிட்டால் ஐந்தே ஐந்து நிலைகள்தாம் இருக்கின்றன: மூன்றும் ஒன்று, மூன்றும் வேறு, யாராவது ஒருவர் மட்டும் வேறு என்பதில் மூன்று. ஐந்தையும் காகிதத்தில் வரைந்து பார்க்கும் மாணவர், நகர்வுக்கு முன்னும் பின்னும் வெளிமுனைகளின் நிறங்கள் அப்படியே இருப்பதைத் தன் கண்ணால் காண்பார். அந்த அரை மணி நேர வேலையில், மூவிலை முடிச்சை எவராலும் எந்தக் காலத்திலும் அவிழ்க்க முடியாது என்ற முடிவு அவருக்குச் சொந்தமாகிவிடுகிறது. முடியாது என்பதை நிறுவும் அனுபவம் பள்ளிக் கணிதத்தில் மிக அரிது. இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்ற தேற்றத்தை விட்டால் வேறு சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

இனி அந்தத் தவறான வாக்கியத்துக்கு வருகிறேன். மூவிலைக்கு அடுத்த முடிச்சு, நான்கு சந்திப்புகள் கொண்ட எட்டு வடிவ முடிச்சு. கயிற்றில் ஒற்றையாகப் போடும் எட்டு முடிச்சின் முனைகளை ஒட்டினால் கிடைப்பது. அதில் நான்கு துண்டுகள். ஒவ்வொரு சந்திப்பிலும் மூன்று வெவ்வேறு துண்டுகள் கூடுகின்றன, ஒன்று மட்டும் விடுபடுகிறது. நான்கு சந்திப்புகளிலும் விடுபடுவது நான்கு வெவ்வேறு துண்டுகள். ஏதாவது ஒரு சந்திப்பில் மூன்று நிறங்களும் வந்துவிட்டதாகக் கொள்வோம். அங்கே இல்லாத நான்காவது துண்டுக்கு இந்த மூன்றில் ஒன்றின் நிறத்தைத்தானே கொடுக்க முடியும்? அது முதல் துண்டின் நிறம் என்றால், இரண்டாவது துண்டு விடுபடும் சந்திப்பைப் பாருங்கள்: அங்கே முதல், மூன்றாவது, நான்காவது துண்டுகள் கூடுகின்றன, முதலும் நான்காவதும் ஒரே நிறம், மூன்றாவது வேறு நிறம், விதி மீறப்பட்டுவிட்டது. மற்ற இரு துண்டுகளின் நிறத்தைக் கொடுத்தாலும் இதே கதைதான். ஆக, எட்டு வடிவ முடிச்சுக்கு மூன்று நிறம் ஏறவே ஏறாது. ஆனாலும் அது முடிச்சுதான். ஒரு நாளும் அவிழாது.

இது ஏதோ ஒற்றை விதிவிலக்கு என்று நினைத்துவிடக் கூடாது. சிறிய முடிச்சுகளாகப் பிரிக்க முடியாதவற்றைப் பகா முடிச்சுகள் என்கிறோம். கண்ணாடிப் பிம்பங்களைத் தனியாக எண்ணாவிட்டால், ஏழு சந்திப்புகள் வரையுள்ள பகா முடிச்சுகள் மொத்தம் 14. அவற்றில் மூன்று நிறம் ஏறுபவை நான்கு மட்டுமே: மூவிலை முடிச்சு, ஆறு சந்திப்பு முடிச்சுகளில் ஒன்று, ஏழு சந்திப்பு முடிச்சுகளில் இரண்டு. கட்டுரையின் வாக்கியத்தை அப்படியே எடுத்துக்கொண்டால் மற்ற பத்தும் வெறும் வளையங்கள் என்றாகிவிடும். ஒன்றுகூட அப்படி இல்லை.

எட்டு வடிவ முடிச்சு அவிழாது என்று எப்படித் தெரியும் என்று மாணவர் கேட்பார், கேட்க வேண்டும். ஃபாக்ஸின் முறையிலேயே அதற்கு விடை உண்டு. நிறங்களுக்குப் பதிலாக 0, 1, 2 என்ற எண்களை வைத்தால், மூன்றும் ஒன்று அல்லது மூன்றும் வேறு என்ற விதி, மூன்றின் கூட்டுத்தொகை 3-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதாக மாறுகிறது. இதையே சற்று மாற்றி, மேலே போகும் துண்டின் எண்ணை இரட்டித்தால் கிடைப்பதும், கீழ்த்துண்டுகள் இரண்டின் கூட்டுத்தொகையும், 3-ஆல் வகுக்கும்போது ஒரே மீதியைத் தர வேண்டும் என்றும் சொல்லலாம். இப்படிச் சொல்லிவிட்டால் 3 என்ற எண்ணுக்கு மட்டும் சிறப்புரிமை எதுவும் இல்லை. 5, 7, 11 என எந்த ஒற்றைப்படைப் பகா எண்ணையும் வைத்துக்கொள்ளலாம், மூன்று நகர்வுகளிலும் எண்ணிக்கை மாறாது. எட்டு வடிவ முடிச்சுக்கு 5 பொருந்துகிறது; அப்போது 0 முதல் 4 வரையுள்ள எண்களை வைத்து, 5-ஆல் வகுத்து மீதியைப் பார்க்க வேண்டும். கோட்டின் வழியே போகும்போது நான்கு துண்டுகளுக்கும் வரிசையாக 0, 2, 3, 1 என்று எண்ணிடுங்கள். 0 என்ற துண்டு 1-க்கு அடியில் நுழைந்து 2 ஆகிறது. 2, 0-க்கு அடியில் நுழைந்து 3 ஆகிறது. 3, 2-க்கு அடியில் நுழைந்து 1 ஆகிறது. 1, 3-க்கு அடியில் நுழைந்து மீண்டும் 0 ஆகிறது. கடைசிச் சந்திப்பைச் சரிபார்ப்போம்: மேலே 3, இரட்டித்தால் 6, மீதி 1, கீழே 1-உம் 0-உம், கூட்டினால் 1. சரியாக இருக்கிறது. மற்ற மூன்றையும் வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புக் கணித நூலில் மட்டு எண்கணிதம் ஏற்கெனவே இடம்பெற்றிருக்கிறது. கடிகாரத்தையும் கிழமையையும் கணக்கிடுவதற்கு அப்பால் அது எதற்குப் பயன்படும் என்று கேட்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விடையை நான் அறியேன்.

கட்டுரையாளரின் பிழைக்கு மூலம் எது என்று நான் கருதுகிறேனோ அதை இனிச் சொல்கிறேன். ஒற்றைக் கயிற்றை விட்டுவிட்டு, இரண்டு அல்லது மூன்று வளையங்கள் சேர்ந்த பிணைப்புகளுக்குப் போனால் கதை தலைகீழாகிறது. ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே கிடக்கும் இரண்டு வளையங்களுக்கு ஒன்றுக்குச் சிவப்பு, மற்றொன்றுக்கு நீலம் என்று தாராளமாகத் தீட்டலாம். சந்திப்பே இல்லை, விதிக்கு வேலையே இல்லை. எனவே ஒரு பிணைப்பைப் பிரித்து எடுக்க முடியும் என்றால் அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட நிறங்கள் ஏறியே தீர வேண்டும். ஏறவில்லை என்றால் அதைப் பிரிக்கவே முடியாது. சங்கிலியின் அடுத்தடுத்த இரண்டு கண்ணிகளைப் போலக் கோத்துக்கொண்டிருக்கும் ஹோஃப் பிணைப்புக்கு நிறம் ஏறுவதில்லை. ஆகவே அது பிரியாது. இங்கே நிறம் ஏறாததுதான் சான்று! ஒற்றை முடிச்சில் ஏறுவது முடிச்சு உண்டு என்பதற்குச் சான்று, ஏறாதது எதையும் சொல்லாது. பிணைப்பில் ஏறாதது பிணைப்பு உண்டு என்பதற்குச் சான்று, ஏறுவது எதையும் சொல்லாது. ஆறு புள்ளிகளை வட்டமாக வைத்து, அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவில் மட்டும் வெட்டிக்கொள்ளுமாறு கோலம் போட்டு, மேலும் கீழுமாக மாற்றி வைத்தால் இரண்டு கோடுகள் பின்னிக்கிடப்பதைக் காணலாம்; அதற்கு மூன்று நிறமும் ஏறும், ஆனாலும் பிரியாது. இந்த இரண்டு நிலைகளையும் கலந்துவிட்டால் கட்டுரையில் வந்த வாக்கியம் பிறந்துவிடும்.

பிணைப்புகளில் இந்த முறையின் வலிமையைக் காட்டுவது போரோமியன் வளையங்கள். மூன்று வளையங்களில் எந்த ஒன்றை அறுத்து எடுத்துவிட்டாலும் மற்ற இரண்டும் தாமாகவே பிரிந்துவிடும். மூன்றும் சேர்ந்திருக்கும்போது மட்டும் பிரியாது. எந்த இரண்டு வளையங்களும் தமக்குள் பிணைந்திருக்கவில்லை என்பதால், ஒரு வளையம் இன்னொன்றை எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ணும் பழைய முறை இங்கே சுழியத்தைத் தவிர வேறெதையும் தராது. தனித்தனி மூன்று வளையங்களுக்கு நிறம் தீட்ட 27 வழிகள் இருக்க, போரோமியன் வளையங்களுக்கோ ஒரே நிறமாகத் தீட்டும் 3 வழிகள்தாம் இருக்கின்றன. பள்ளி மாணவர் ஒருவர் ஆறு துண்டுகளையும் முயன்று பார்த்து இந்த முடிவுக்கு வந்துவிட முடியும். இரண்டே வளையங்கள் கொண்ட வைட்ஹெட் பிணைப்பிலும் சுற்று எண்ணிக்கை சுழியம்தான். அதுவும் நிறம் ஏறாமையால்தான் சுலபமாக அகப்படுகிறது.

எண்ணிக்கையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல விரும்புகிறேன். கட்டுரையில் இது விடுபட்டிருந்தது. ஒரே கயிற்றில் அடுத்தடுத்து இரண்டு மூவிலை முடிச்சுகளைப் போட்டு முனைகளை ஒட்டினால் 27 வழிகளில் நிறம் தீட்டலாம். மூன்று போட்டால் 81. ஒவ்வொரு முடிச்சைச் சேர்க்கும்போதும் மும்மடங்காகிறது. எண்ணிக்கை வேறானால் முடிச்சும் வேறு. ஆகவே ஒன்றுக்கொன்று வேறான முடிச்சுகள் முடிவில்லாமல் இருக்கின்றன என்ற பெரிய உண்மை, மூன்று வண்ணப் பென்சில்களிலிருந்தே கிடைத்துவிடுகிறது. அவற்றையெல்லாம் வரிசைப்படுத்தும் வேலை இன்றும் தொடர்கிறது. 1998-இல் ஹோஸ்ட், திஸ்ட்டில்த்வெயிட், வீக்ஸ் மூவரும் பதினாறு சந்திப்புகள் வரை 17 லட்சத்துக்கும் மேற்பட்ட பகா முடிச்சுகளைக் கணினியின் உதவியோடு பட்டியலிட்டார்கள்.

எல்லா முடிச்சுகளையும் இந்த முறை பிடித்துவிடும் என்ற எண்ணத்தையும் நான் விதைத்துவிடக் கூடாது. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இடக்கை மூவிலைக்கும் வலக்கை மூவிலைக்கும் நிறக் கணக்கு ஒன்றே. அவை இரண்டும் வேறு என்பதை 1914-இல் மாக்ஸ் டேன் வேறு வழியில்தான் நிறுவினார். சில முடிச்சுகளுக்கு 3, 5, 7 மட்டுமல்ல, எந்தப் பகா எண்ணும் உதவாது. டோரஸ் என்னும் மெதுவடை வடிவப் பரப்பின் மேல் வரையப்படும் (3,5) முடிச்சு பத்துச் சந்திப்புகள் கொண்டது. அதற்கு எந்த எண்ணிலும் நிறம் ஏறாது. பதினொரு சந்திப்புகள் கொண்ட கான்வே முடிச்சும் அப்படியே. 2020-இல் லிசா பிச்சிரில்லோ அந்த முடிச்சைப் பற்றிய நெடுங்காலக் கேள்வி ஒன்றுக்கு விடை வெளியிட்டபோது உலகச் செய்தித்தாள்கள் பலவும் அதை எழுதின. தங்கள் வாசகர்களில் சிலருக்கு அது நினைவிருக்கலாம். நிறங்களை எண்களாக மட்டும் கொள்ளாமல், மேலே போகும் நிறம் கீழே போகும் நிறத்தை எப்படி மாற்றுகிறது என்ற செயலையே அடிப்படையாக எடுத்துக்கொண்டு, 1982-இல் டேவிட் ஜாய்ஸ், மத்வேயெவ் இருவரும் தனித்தனியே உருவாக்கிய குவாண்டில் என்னும் இயற்கணித அமைப்பு, கண்ணாடிப் பிம்பம், திசை ஆகியவை தொடர்பான ஒரு குழப்பத்தைத் தவிர மற்றபடி முடிச்சுகளை முழுமையாகவே பிரித்தறிந்துவிடுகிறது. ஃபாக்ஸ் வகுப்பறைக்கென்று தொடங்கியது அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்போது, வாசகர்கள் தாமே செய்து பார்க்க ஒரு பயிற்சியையும் சேர்த்தால் நன்றாக இருக்கும். வரிசைக்கு மூன்றாக இரண்டு வரிசைகளில் ஆறு புள்ளிகள் வைத்து, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவிலெல்லாம் கோடு வெட்டிக்கொள்ளுமாறு சிக்குக் கோலம் போட்டால், ஒரே கோட்டில் முடியும் ஏழு சந்திப்புக் கோலம் கிடைக்கும். அதை மேலும் கீழுமாக மாற்றி வைத்தால் வருவது, மூன்று நிறம் ஏறும் நான்கு முடிச்சுகளில் ஒன்று. ஏறும் என்று வரையாமலேயே சொல்லவும் ஒரு வழி உண்டு. அந்த ஆறு புள்ளிகளையும் பக்கத்துப் புள்ளியோடு பக்கத்துப் புள்ளியாக, எங்கும் மூடிய சுற்று உண்டாகாமல் ஐந்து கோடுகளால் இணைக்க எத்தனை வழிகள் இருக்கின்றன என்று எண்ணினால் 15 வரும். இப்படி மாறி மாறி மேலும் கீழும் போகும் முடிச்சுகளில், அந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் பகா எண்கள் எவையோ அவற்றில் மட்டுமே நிறம் ஏறும். 15-ஐ வகுப்பவை 3-உம் 5-உம். ஆகவே இந்தக் கோலத்துக்கு மூன்று நிறத்திலும் தீட்டலாம், ஐந்து எண்களிலும் எண்ணிடலாம், ஏழில் முடியாது. மூன்று புள்ளி முக்கோணத்துக்கு இதே கணக்கு 3 தருகிறது. நான்கு புள்ளிச் சதுரத்துக்கு 4, அது இரண்டு கோடுகளாகப் பிரிந்துவிடும் பிணைப்பு, மூன்று நிறம் ஏறாது, ஆகவே பிரியாது. ஐந்து புள்ளி வட்டத்துக்கு 5. வாசலில் கோலம் போடும் எந்த வீட்டிலும் இந்தப் பயிற்சியைச் செய்து பார்க்கலாம்.

படத்தைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். வெளிவந்த படத்தில் எல்லாச் சந்திப்புகளிலும் கோடுகள் முழுமையாகவே வெட்டிக்கொண்டு அச்சாகியிருந்தன. எது மேலே, எது கீழே என்று தெரியவில்லை. அதனால் துண்டுகளும் இல்லை, தீட்டுவதற்கு எதுவும் இல்லை. மூலப் படத்தில் இடைவெளி மெல்லியதாக இருந்து, சுருக்கி அச்சிட்டபோது மூடிக்கொண்டிருக்கலாம். திருத்தத்தோடு வரும் படத்தில் கோட்டின் தடிப்பைக் குறைத்து, கீழே போகும் கோட்டின் இரு பக்கமும் கோட்டின் தடிப்பைப் போல மூன்று மடங்காவது இடைவெளி விட வேண்டும். அந்தப் பக்கம் கறுப்பு வெள்ளையில் வருவதாக இருந்தால், நிறங்களுக்குப் பதிலாக ஒவ்வொரு துண்டின் அருகிலும் 0, 1, 2 என்று எண்ணிட்டுவிடலாம். பிள்ளைகள் தங்கள் பென்சிலால் தீட்டிக்கொள்வார்கள். எட்டு வடிவ முடிச்சின் படத்தையும் அருகில் வைத்து, அதற்கு மூன்று நிறம் ஏறாது, ஆனாலும் அது முடிச்சே என்று ஒரு வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர்.